சீனியம்மாளின் இரண்டு நிமிடம்

நாற்பது ஆண்டுகளாகப் பதிப்பு மேல் பதிப்பு கண்ட ஒரு நாவலைப் படமாக்க இயக்குநர் அன்பரசிக்கு உரிமை கிடைத்தது. நோய்ப்படுக்கையில் இருந்த எழுத்தாளர் ஒரே ஒரு வாக்குக் கேட்டார்: "கதையில ஒரு சம்பவத்தைக்கூட மாத்தாதம்மா." கொடுத்தாள். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

மில் வேலைநிறுத்தக் கதை அது. தலைமறைவாகிவிட்ட தொழிலாளியைக் கடைசி அத்தியாயத்தில் அவன் மனைவியே போலீசுக்குக் காட்டிக்கொடுக்கிறாள். அதுவரை அவளை நேசித்த வாசகரை உலுக்குவது அந்த அதிர்ச்சிதான்.

படப்பிடிப்பு முடிகிற வாரம் எழுபது வயதுச் சீனியம்மாள் வந்து நின்றாள். நாவலில் இருந்தது அவள் தெரு. அந்தத் தொழிலாளிக்கு அவள் கணவன் பெயர்.

"அவரைப் பிடிச்ச அன்னைக்கு நான் மஞ்சக்காமாலையில மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தேம்மா. எழுதுனவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் வந்தப்புறம் பெத்த மகனே பேச்சை நிறுத்திட்டான்."

மடிப்பெல்லாம் கிழிந்த ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். தேதி சரியாக இருந்தது.

கடைசிக் காட்சியை அன்பரசி நாவலில் உள்ளபடியே எடுத்தாள். படம் முடிந்தபின் சீனியம்மாளே உண்மையில் நடந்ததை இரண்டு நிமிடம் பேசுவதாகச் சேர்த்தாள். எழுத்தாளரின் மகள் சுகந்தியும் சம்மதித்தாள்.

அதே ஊர்த் தியேட்டரில் முன்னோட்டக் காட்சி. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கூட்டம் எழுந்துவிட்டது. திரையில் சீனியம்மாள் பேசினாள், கேட்க ஆளில்லை. வாசலில் நின்றிருந்த அவளைக் காட்டி ஒருவன், "இவதான்டா அது" என்றான்.

மறுநாளே அன்பரசி அந்த இரண்டு நிமிடத்தைப் படத்தின் தொடக்கத்துக்கு மாற்றினாள். சுகந்தி கொதித்தாள்.

"முதல்லயே சொல்லிட்டா கடைசி அத்தியாயம் செத்துப்போச்சு. எங்கப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?"

"ஒரு சம்பவமும் மாறலையே, சுகந்தி."

"கதையே மாறிடுச்சு."

கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அன்பரசி வாக்குத் தவறினாளா? இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: சுகந்தி சொன்னது பொய்யல்ல; கடைசிக் காட்சியின் அதிர்ச்சி குறைந்துதான் போயிற்று. ஆனால் எழுத்தாளர் கேட்டது சம்பவங்களுக்கான வாக்கு. அது அப்படியே நின்றது. வாசகருக்கு நேரும் அதிர்ச்சிக்கு அன்பரசி வாக்குத் தரவில்லை, தரவும் முடியாது. அந்த அதிர்ச்சிக்கு நாற்பது வருடமாக விலை கொடுத்தவள், கதையைப் படிக்கக்கூடத் தெரியாத ஒருத்தி. நியாயம் அன்பரசி பக்கம்தான். நாவல் கொஞ்சம் தோற்றது. தோற்கலாம், அதற்குச் சீனியம்மாளைப் போல அந்த ஊர்த் தெருவில் நடக்க வேண்டியதில்லை.