மன்னிப்புக்கு ஒத்திகை

சாலிகிராமத்தில், ஒரு சந்துக்குள் இருக்கும் டப்பிங் தியேட்டரில் இஸ்ரவேல் குரல் பயிற்சி கொடுத்துவந்தார். அவருடைய சீடர்களில் பேர் வாங்கியவர் தணிகாசலம். வயதிலும் அவர்தான் பெரியவர், குருவைவிடவும் பெரியவர். அதனால் சீடர் குருவை "மாஸ்டர்" என்பார். குரு சீடரை "அண்ணே" என்பார்.

தணிகாசலம் வெகுகாலம் கூட்டத்தில் ஒரு குரலாக இருந்தவர். சந்தைக் காட்சியில் "தக்காளி, தக்காளி", சாவு வீட்டில் "ஐயோ", கோர்ட்டில் முணுமுணுப்பு. முகமும் கிடையாது, பேரும் கிடையாது. பிறகு வாரந்தோறும் வந்த ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் திக்கிப் பேசும் வாட்ச்மேன் வேடம் கிடைத்தது. "இ... இ... இருங்க சார்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கார் கேட்டைத் தாண்டிப் போயிருக்கும். வீடு வீடாகச் சிரித்தார்கள். அந்தக் குரலுக்காகவே பற்பசை விளம்பரம் வந்தது, கார்ட்டூன் கரடிக்கு டப்பிங் வந்தது, வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டே சொந்தமாக வந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், தியேட்டர் காலியாக இருந்தபோது வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாஸ்டர், ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னு தெரியல."

"யார்கிட்ட?"

"எங்க ஃப்ளாட்டுக்குக் கீழ தையல்கடை வச்சிருக்கார், மகபூப் பாய். அந்த வாட்ச்மேன் குரல் அவரோடது."

இஸ்ரவேல் டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். கடைக்கு வர்றவன் எல்லாம் அளவு குடுக்கறதுக்கு முன்னாடி என் டயலாக்கை அவர்கிட்டயே பேசிக் காட்டறான். 'பாய், நேத்து டிவில உங்களைப் பார்த்தேன்'ங்கறான். இப்ப அவர் பேசறதே இல்லை மாஸ்டர். சட்டை எப்ப கிடைக்கும்னு கேட்டா விரலைக் காட்டறார். நாளைக்குக் கடையைக் காலி பண்ணிட்டு ஆம்பூருக்கே போறார். நேத்து படியில எதிர்ல வந்தவர், எனக்கு சலாம் வச்சார். கையை மட்டும் தூக்கி. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல."

இஸ்ரவேல் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டார்.

"உள்ள போய் மைக் முன்னாடி நில்லுங்க. அவர் எதிர்ல நிக்கறார்னு வச்சுக்கங்க. சொல்லுங்க."

தணிகாசலம் உள்ளே போய், பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"பாய், உங்க குரலை எடுத்துத்தான் நான் பொழச்சேன். உங்களை ஒரு வார்த்தை கேக்கல. தப்புதான். மன்னிச்சிடுங்க."

ஹெட்போனில் குருவின் குரல் வந்தது.

"இன்னொரு தரம்."

மறுபடி சொன்னார். "பொழச்சேன்" இம்முறை சற்றுத் தணிந்து வந்தது.

"இன்னொரு தரம்."

அடுத்த முறை "மன்னிச்சிடுங்க"வில் குரல் உடைந்தது. உடைய வேண்டிய இடத்தில், உடைய வேண்டிய அளவுக்கு உடைந்தது. கண்ணிலும் நீர் வழிந்தது. அடுத்த "இன்னொரு தரம்" வருவதற்குள் தணிகாசலமே மைக்கை நோக்கிக் குனிந்தார்.

"மாஸ்டர், 'தப்புதான்' முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டா இன்னும் நல்லா நிக்கும். ஒன் மோர் டேக் போயிடலாம்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

அங்கேயே நின்றார். கன்னத்து ஈரத்தைத் துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அது மகபூப் பாய்க்காக வந்ததா, டேக்குக்காக வந்ததா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா மாஸ்டர், என் லட்சணத்தை."

"பார்த்தேன். மூணாவது நல்லாவே இருந்துச்சு."

"குத்தாதீங்க."

இஸ்ரவேலும் நாற்காலியை விட்டு இறங்கி எதிரே உட்கார்ந்தார்.

"அந்தக் குரலை எப்பப் பிடிச்சீங்க?"

"வேஷம் கிடைச்ச புதுசுல. குரல் சிக்காம அலைஞ்சிட்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பாய் படியேறி வந்து எங்க வீட்டு பெல்லை அடிச்சார். அதுக்கு முன்னாடி அவர் எங்க வீட்டுக்கு வந்ததே இல்லை. மூச்சு வாங்குது. வாயைத் திறந்தார், முதல் எழுத்துலயே நின்னுபோச்சு. தாடை ஆடுது, கழுத்து நரம்பு ஏறி இறங்குது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு மாஸ்டர். கிடைச்சிடுச்சு, இதுதான் வாட்ச்மேன்னு. 'ஒரு நிமிஷம் பாய்'னுட்டு உள்ள ஓடினேன். மறந்துடக் கூடாதே! பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்தேன். வாயில நல்லா உக்கார்ந்ததும்தான் திரும்பி வந்தேன். ஆள் இல்லை. போயிட்டார்."

இஸ்ரவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவர் அன்னைக்கு என்ன சொல்ல வந்தார்?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். ஆடிய தாடை நினைவிருந்தது. நரம்பு நினைவிருந்தது. அந்த முதல் எழுத்து நாக்கின் நுனியில் அப்படியே இருந்தது. வேண்டுமென்றால் இப்போதே பேசிக் காட்டலாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

"தெரியாது மாஸ்டர்."

"போய் அதைக் கேளுங்க. அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க."