வெள்ளைக்கரைச் செடி

மலைமேல் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த குருவம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. இவர் 'அம்மா' என்பார். அந்தம்மா 'அண்ணாச்சி' என்பார்.

முன்னே ஒரு பங்களாவில் இவர் சமையல், மனைவி உலகம்மை தோட்டம். உலகம்மை இறந்துபோன பிறகு இவருக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அவள் வளர்த்த செடியை வேரோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். குளிர்நாட்டுச் செடி அது. பங்களாக்காரர்கள் டாக்வுட் என்பார்கள். இலையோரமெல்லாம் புடவைக்கரை மாதிரி வெள்ளை ஓடும். அதனால் உலகம்மைக்கு அது வெள்ளைக்கரைச் செடி.

மடத்து மண்ணில் செடி பிடித்துக்கொண்டது. நடுவிலிருந்து ஒரு கொம்பு கிளம்பி ஆள் உயரத்துக்குப் போயிற்று. அதன் இலையெல்லாம் முழுப்பச்சை, வெள்ளைக்கரையே இல்லை. கோமதிநாயகம் அந்தக் கொம்புக்கு மஞ்சள் துணி கட்டினார். தினமும் முதல் டம்ளர் காப்பியை அதன் அடியில் வைத்துக் கும்பிட்டார்.

ஒருநாள் அவர் குருவம்மாவின் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, அவ குரல் எனக்கு மறந்துபோச்சு. நினைக்க நினைக்கத் தூரமாப் போறா. ஏன்?"

"அவங்க எப்படிப்பட்டவங்க?"

"பொறுமைசாலி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. குத்துவிளக்கு மாதிரி."

"உங்ககிட்டயுமா?"

"எப்பவும்."

குருவம்மா கத்தரியை எடுத்துக்கொண்டு செடியிடம் போனார். பச்சைக் கொம்பின் நிழலில் ஒரே ஒரு கிளை வெள்ளைக்கரை இலையோடு நோஞ்சானாகக் கிடந்தது. அதன்மேல் கத்தரியை வைத்தார்.

"இது தேறாது, அண்ணாச்சி. எடுத்துடுறேன். பச்சை இன்னும் நல்லா வரும்."

"ஐயோ, தொடாதீங்க! அதுதான் அவ செடி!" கோமதிநாயகம் பாய்ந்து வந்து குறுக்கே நின்றார். "அவ மட்டும் இருந்தா உங்களை ஒருவழி பண்ணியிருப்பா!"

"பொறுமைசாலியாச்சே?"

"யாரு, அவளா? பச்சைக் கொம்பு தலைகாட்டினா அடியோட நறுக்கிடுவா. ஒருதடவை, தழைச்சு வருதே, பாவம், விட்டுடேன்னு சொல்லித் தொலைச்சேன். பிடிபிடின்னு பிடிச்சா பாருங்க! 'ஏய் மனுசா, ஒனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? பச்சையை விட்டா வெள்ளையைத் தின்னுட்டுத்தான் மறுவேலை பாக்கும். ஒசரமா நிக்கிறதெல்லாம் ஒனக்குச் சாமி! போ, போயி ரசத்தைப் பாரு, பொங்கி ஊத்துது!'"

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். அந்த இழுப்பு, அந்த அதட்டல், எதுவும் அவருடையது இல்லை.

குருவம்மா கத்தரியை அவர் கையில் கொடுத்தார்.

"வேற என்னெல்லாம் சொல்லித் திட்டுவாங்க? சொல்லிக்கிட்டே பச்சையை வெட்டுங்க, அண்ணாச்சி."