மணல் ஊற்றுக்கு முள்வேலி

கோடையில் காட்டாறு வற்றிவிட்டது. தாய்ப்பன்றி ஒன்றும் உடும்பு ஒன்றும் ஆற்றுமணலைத் தோண்டி ஓர் ஊற்றைக் கண்டன. காடே வந்து குடித்தது.

தோண்டிய களைப்பில் இரண்டும் மருதமரத்தடியில் அசந்து தூங்கின. விழித்துப் பார்த்தால், ஊற்றைச் சுற்றி வேலமுள் வேலி! வாசலில் நரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இது நாங்க தோண்டின ஊத்தாச்சே!" என்றது பன்றி.

"தோண்டினது நீங்க. வேலி போட்டது நான். வேலிக்குள்ள இருக்கிறது வேலிக்காரனுக்குத்தானே சொந்தம்!" என்றது நரி.

பன்றி ஒரு முட்டு முட்டியிருந்தால் நரி அக்கரையில் போய் விழுந்திருக்கும். ஆனால் இரண்டும் பின்னால் நகர்ந்து நின்றன. வேலியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற நல்ல பிள்ளைகள் அவை, பாவம்!

மணல் ஊற்றில் பக்கமணல் சரிந்துகொண்டே இருக்கும். அள்ளிக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் நிற்கும்.

"தினமும் மணல் அள்ளுங்க. சாயங்காலம் ஆளுக்கு அஞ்சு வாய் தண்ணி!" என்றது நரி.

இரண்டும் பொழுதெல்லாம் அள்ளின. குடிக்க வந்தவர்களிடம் நரி பழமும் தேனும் வாங்கி வயிறு வளர்த்தது. சில நாளில் அஞ்சு வாய் மூன்று வாய் ஆனது.

"ஏன் ஐயா குறைச்சிட்டீங்க?" என்று கேட்டது உடும்பு.

"வெயில் ஏறிப்போச்சு. தண்ணிக்கு மதிப்பும் ஏறிப்போச்சு!"

அந்த வெயில் உடும்பின் முதுகிலும்தான் காய்ந்தது. அதை யார் கேட்டார்கள்?

ஒருநாள் நண்பகலில் பன்றியின் குட்டி சுருண்டு படுத்துவிட்டது. தாய்க்குப் பால் வற்றியிருந்தது.

"ஐயா, குட்டிக்கு ஒரு வாய் இப்பவே குடுங்க! நாக்கு வறண்டு கிடக்கு!"

"வேலை முடியட்டும்!" என்றது நரி.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் பன்றி அதைக் கேட்டது. எனக்கே இதைச் சொல்ல மனம் வலிக்கிறது.

பன்றி வெளியே ஓடிக் குட்டியை முகர்ந்தது. குட்டி அதன் மூக்கை நக்கியது.

"அம்மா, உன் மூக்கெல்லாம் ஈரம்! தண்ணி உன்கிட்டதானே இருக்கு?"

பன்றி திரும்பி, மணல் சரிகிற ஊற்றைப் பார்த்தது. பிறகு, அள்ளிக் கொட்டிய ஈரமணலில் குட்டியைக் கிடத்தியது. "உடும்புத் தம்பி, வெளியே வா! இனிமே அள்ள வேண்டாம்!" என்றது.

"போங்களேன்! ஊத்து என்கிட்டதான் இருக்கு!" என்று நரி சிரித்தது.

வெயில் சாய்வதற்குள் நாலு பக்கமும் மணல் சரிந்தது. நரி பதறிப்போய் அள்ளியது. இந்தப் பக்கம் அள்ளினால் அந்தப் பக்கம் சரிந்தது. நகம் பெயர்ந்தது, வாயெல்லாம் மணல். கடைசியில் வேலி மட்டும் மிஞ்சியது.

"பன்றியம்மா, கொஞ்சம் வாங்களேன்!" நரிக்கு இத்தனை நாளில் முதல்தடவையாக மரியாதை வந்தது.

"வேலியைப் பிரிங்க, வர்றோம்!"

நரி ஒவ்வொரு முள்ளாக வாயால் இழுத்துப் போட்டது. பன்றியும் உடும்பும் குதித்து அள்ளின. தண்ணீர் ஊறியது. முதலில் குட்டி வயிறு முட்டக் குடித்து, வாலை ஆட்டியது.

ஓரமாக நின்ற நரிக்கும் பன்றி இடம் விட்டது. "நீங்களும் குடிங்க. நாளைக்கு எங்களோட அள்ள வந்திடுங்க!"

உழைப்பவர் கை ஓய்ந்தால் ஒரு பொழுதும் தாங்காத உடைமைக்கு, வேலி போட்டவர் மட்டுமே சொந்தக்காரர் ஆகிவிட முடியாது.