திருவேங்கடம் போட்ட பாத்

நாகர்கோவிலில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே தலைமைப் பொறியாளர் திருவேங்கடம். தன்னைக் கேட்டுத்தான் சர்வரே மூச்சு விடுகிறது என்ற நினைப்பு அவருக்கு.

ஒருநாள் லினக்ஸ் சர்வரில் ஜாவாவுக்கு பாத் அமைக்க உட்கார்ந்தார். கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வதுதான் பாத். ஒரு வரி தட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கமாண்டை அடித்தாலும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்றது திரை.

ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த ஜெசிந்தா மேல் பாய்ந்தார். “காலையில இதுல உட்கார்ந்தது நீதானே? எல்லாத்தையும் அழிச்சிட்டே. கீபோர்டைத் தொடாம இப்பவே திரும்பக் கொண்டுவா. இல்லேன்னா வீட்டுக்குப் போ.”

ஆபீஸே எட்டிப் பார்த்தது. தொடாமல் எப்படிக் கொண்டுவருவாள்?

ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டாள். “கமாண்டு அடிக்கிற அந்த டெர்மினல் விண்டோவை மூடிட்டுப் புதுசா ஒண்ணு திறங்க சார்.”

திறந்தார். எல்லாக் கமாண்டும் வேலை செய்தது.

“பாத்தீங்களா, பயந்துபோய் திருப்பி வெச்சிட்டா” என்றார் எல்லோரையும் பார்த்து.

“இருக்கட்டும் சார். உங்க ஜாவா வரியை மறுபடி போடுங்க.”

ஜம்பமாகப் போட்டார். மறுபடி எல்லாம் மாயம். திருவேங்கடத்தின் விரல் கீபோர்டிலேயே நின்றுவிட்டது.

“நீங்க போடுற வரி அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும்தான் சார், அதான் புதுசுல எல்லாம் வந்துச்சு. அதுல பழைய ஃபோல்டர்களை விட்டுட்டு ஜாவா ஃபோல்டரை மட்டும் எழுதியிருக்கீங்க. மெஷின் பாவம், வேற எங்கே போய்த் தேடும்?” என்றாள் ஜெசிந்தா. கட்டிய கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.

“இப்ப யாரு சார் வீட்டுக்குப் போகணும்?”