திருப்பி எடுப்பதில்லை

செங்காந்தள்புரிக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. ராஜா மட்டும் போகவில்லை. அந்தச் சீமையில் நடந்த கூத்து இது.

மன்னர் மருதவர்மருக்குப் பழைய ஃபிலிம் கேமரா என்றால் உயிர். செல்போனில் எடுத்தால் தொந்தி உடனே தெரிந்துவிடுகிறது. ஃபிலிம் என்றால் கழுவி வரும்வரை நம்பிக்கையோடு இருக்கலாம் அல்லவா? முடிசூட்டு நாள் படத்துக்காக ஆன்லைன் ஏலத்தில் நல்ல கேமரா ஒன்று எடுக்கும் பொறுப்பை அவை விகடக்காரி சொர்ணக்கிளியிடம் கொடுத்தார்.

அமைச்சர் பராங்குசருக்கு வயிறு எரிந்தது. சொர்ணக்கிளி வாயைத் திறந்தாலே அவர் காலைத்தான் வாருவாள். அவளைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தன் மைத்துனன் நீலமேகத்தை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. நீலமேகம் சொன்ன விகடத்துக்கு அவன் மனைவியே சிரித்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஏலத்தில் ஒரு கேமரா வந்தது. பளபளப்பான தோல் உறைக்குள் இருந்தது. விவரம் இப்படி: "லென்ஸில் ஒரு கீறல் இல்லை. பூஞ்சை இல்லை. தூசி இல்லை. உள்ளது உள்ளபடி விற்பனை. திருப்பி எடுப்பதில்லை."

சொர்ணக்கிளி கடைசி நொடிவரை மூச்சுக் காட்டாமல் இருந்து, ஒரே தட்டில் ஏலத்தை எடுத்தாள். சபையே விசிலடித்தது.

பார்சல் வந்தது. உறையைப் பிரித்தால், லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை! மன்னர் விரலை விட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"என்னம்மா கிளி இது?"

"ஏமாத்திட்டாங்க மகாராஜா!"

"எங்கே ஏமாத்தினாங்க?" என்று எழுந்தார் பராங்குசர். "எழுதினதுல ஒரு பொய் காட்டு பார்ப்போம். லென்ஸே இல்லாதப்ப கீறல் எங்கேருந்து வரும்? எழுத்துன்னா எழுத்துதான். சரியாப் படிக்காதது உன் தப்பு."

எழுத்துக்கு எழுத்து சட்டம் பார்ப்பவர் மன்னர். தலையை ஆட்டினார். "நியாயம்தான். கிளி, நாளைக்கு இதே கேமராவுல என்னையும் அமைச்சரையும் படம் எடுத்துக் காட்டு. முடியலைன்னா உன் இடம் நீலமேகத்துக்கு."

கேமராவை விற்றவனே நீலமேகம்தான் என்பது அத்தானுக்கும் மைத்துனனுக்கும் மட்டும் தெரியும்.

சொர்ணக்கிளிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பேசிப் பிழைப்பதைத் தவிர அவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. மத்தியானம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள். கதவில் ஆணி விழுந்த துளை வழியே வெளிச்சம் வந்தது. தெருவில் போன மாடு, எதிர்ச்சுவரில் தலைகீழாக நடந்தது.

படுத்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் சபையில் கேமரா தயாராக நின்றது. ஓட்டையின் மேல் பீடா சுற்றிய வெள்ளித்தாள். அதன் நடுவில் ஊசிமுனையால் ஒரு துளை.

பராங்குசர் சிரித்தார். "இதுல படமா? மகாராஜா உன்னைக் கழுவிக் கழுவி ஊத்தப் போறார்!"

"முதல்ல ஃபிலிமைக் கழுவட்டும் அமைச்சரே, அப்புறம் என்னைக் கழுவலாம். துளை சின்னது, வெளிச்சம் மெதுவாத்தான் போகும். வெத்திலை போட்டு மெல்லுற நேரம் ரெண்டு பேரும் அசையக் கூடாது."

மன்னருக்கு அது பெரிய காரியமில்லை. கண் திறந்தபடியே சபையில் தூங்கிப் பழகியவர். பராங்குசருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகம். மன்னர் காதில் குசுகுசுத்தார். ஓடிவந்து பக்கவாட்டில் கேமராவை எட்டிப் பார்த்தார். திரும்பிப் போனார். மறுபடி வந்தார். சொர்ணக்கிளி அவரைத் தடுக்காமல் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

ஃபிலிமைக் கழுவிப் படம் போட்டுக் கொண்டுவந்தார்கள். சிம்மாசனத்தில் மன்னர், மீசை முதல் மோதிரம் வரை கம்பீரமாக இருந்தார். பக்கத்தில் புகை போல ஒரு கலங்கல். அதன் வழியே பின்னாலிருந்த தூண் தெரிந்தது.

"நான் எங்கே?" என்று கத்தினார் பராங்குசர்.

"அங்கேதான் இருக்கீங்க. உங்க முகத்துல ஒரு சுருக்கம் இல்லை, பாருங்க. ஒரு தழும்பு இல்லை. ஒரு நரைமுடி இல்லை."

"முகமே இல்லையே! முகமே இல்லாம சுருக்கம் இல்லைன்னு சொன்னா, அது பச்சை மோசடி!"

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்?

"கேட்டுக்கிட்டீங்களா மகாராஜா?" என்றாள் சொர்ணக்கிளி. "தீர்ப்பை அமைச்சரே சொல்லிட்டார்."

மன்னர் தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "அப்போ கேமராவை வித்தவன் மோசடிக்காரன். பிடிங்கடா அவனை!"

கூட்டத்தில் நின்ற நீலமேகம் முன்னால் ஓடிவந்தான். மடியிலிருந்த லென்ஸை எடுத்து நீட்டிவிட்டான். "அத்தான் சொல்லித்தான் கழட்டினேன் மகாராஜா!"

அவன் சொன்னதற்குச் சபை சிரித்தது அதுதான் முதல்முறை.

லென்ஸ் கேமராவில் ஏறியது. சொர்ணக்கிளியின் கழுத்தில் முத்துமாலை ஏறியது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கொலுமண்டபத்தில் மாட்டும்படி மன்னர் ஆணையிட்டார். பராங்குசர் பதறிப்போய் அவளிடம் ஓடிவந்தார்.

"பேரன் பேத்தியெல்லாம் பார்க்கிற இடம்மா அது! இப்பதான் லென்ஸ் வந்திடுச்சே. இந்தத் தடவை சிலை மாதிரி நிக்கிறேன். ஒரே ஒரு தடவை திருப்பி எடும்மா!"

சொர்ணக்கிளி கேமராவைப் பத்திரமாக உறையில் போட்டு மூடினாள்.

"உள்ளது உள்ளபடிதான் அமைச்சரே. திருப்பி எடுப்பதில்லை."