ஆந்தை இல்லை, மயில்

ரொம்ப காலத்துக்கு முன்னால், ராஜா சொன்னதை ஊர் யோசிக்காமல் செய்துகொண்டிருந்த காலத்தில், தோரணபுரி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கதையைக் கேளுங்கள்.

தோரணபுரியில் வருஷத்துக்கு ஒருமுறை வாசல் திருநாள் வரும். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு ஒரு பொம்மை செய்து வாசலில் தொங்கவிடுவார்கள். சுரைக்குடுக்கையில் ஒரு வாத்து. வைக்கோலில் ஒரு முதலை. நார் உரிக்காத பனங்கொட்டைக்குக் கண் வைத்தால் தாடிச் சாமியார். அடுத்த திருநாள் வரைக்கும் அந்தப் பொம்மை அங்கேயே தொங்கும். அதுதான் வீட்டுக்கு அடையாளம். "முதலை வீட்டுக்கு எதிர்வீடு" என்பார்கள். "வாத்து வீட்டில் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள்" என்பார்கள். யாருக்கும் வழி தப்பியதில்லை.

அந்த ஊரில் வடிவாம்பாள் என்று ஒருத்தி இருந்தாள். பெயர்தான் வடிவாம்பாள், அவள் கையில் எதுவும் வடிவாக வந்ததில்லை. தோசை சுட்டால் அது ஏதோ ஒரு நாட்டின் வரைபடம் போலிருக்கும். ஆனாலும் ஆசைக்குக் குறைவில்லை. அந்த வருஷம் கொட்டாங்குச்சியை உடம்பாக வைத்து, ஒரு குச்சியைக் கழுத்தாக நட்டு, குன்றிமணியால் கண் வைத்து, விளக்குமாற்று ஈர்க்குகளில் கிழிந்த புடவைத் துண்டுகளைக் கட்டி வாலாகச் செருகி, ஒரு மயில் செய்தாள்.

எதிர்வீட்டு முதலைக்காரி வந்து பார்த்தாள். "ஆந்தை நல்லாருக்கு அக்கா" என்றாள்.

"ஆந்தை இல்லை, மயில்!"

எண்ணெய் விற்கிறவர் வந்தார். "ஆந்தைக்கு எதுக்கும்மா வாலு?" என்றார்.

"ஆந்தை இல்லை, மயில்!"

பூசாரி வந்தார். "வாசல்ல போய் ஆந்தையைக் கட்டலாமா?" என்றார்.

"ஆந்தை இல்லைங்க சாமி, மயில்! மயில்! மயில்!"

அதை மயில் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவளுடைய புருஷன். ஊர் ஊராகப் போய் வளையல் விற்கிறவன். அவனுக்கு மாலைக்கண், பொழுது சாய்ந்தால் எதுவும் தெரியாது. வாசலில் தொங்குவதைத் தடவிப் பார்த்துத்தான் வீடு சேருவான். அவன் விரலால் தடவி, "கழுத்து நீளம், வால் நீளம். மயிலா?" என்று கேட்டான். வடிவாம்பாள் அன்றைக்கு அவனுக்கு இரண்டு கரண்டி நெய் அதிகமாக விட்டாள்.

அவன் பெயர் வேம்பன். ஆனால் அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு. யார் போட்டது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி பெயரைப் புருஷன் சொன்னால் அவள் ஆயுசு குறையாதா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. வடிவாம்பாள் வேப்ப மரத்தைக்கூட "கசப்பு மரம்" என்றுதான் சொல்வாள். ஊரில் எல்லாப் பெண்களும் எல்லாப் புருஷர்களையும் கூப்பிடுவது ஒரே மாதிரிதான்: "என்னங்க!"

இது இப்படி இருக்க, பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வந்து, வீதியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். "உங்கள் ஊரில் வாசலுக்கு வாசல் குப்பை தொங்குகிறதே!" என்றார். தோரணபுரி ராஜா சீர்வளவனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊரில் கிணறு வற்றியபோது நன்றாகத் தூங்கியவர்தான் அவர்.

அடுத்த திருநாளுக்கு முந்தின நாள் அரண்மனைக்கு ஒரு மந்திரவாதி வந்தான். பெயர் அச்சுமாயன். அவன் முகத்தில் இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுபோலவே இருந்தன. மீசையின் இரண்டு முனையும் ஒரே அளவு. கையில் ஒரு வெண்கல அச்சு.

"ராஜாவே, ஊர் வாசலெல்லாம் ஒன்றுபோல் அழகாக ஆகட்டுமா?" என்று கேட்டான்.

"ஆகட்டும்!" என்றார் ராஜா.

"கையால் செய்த கோணல்மாணல் எல்லாம் ஒழிந்து போகட்டுமா?"

"ஆகட்டும்!"

"பொழுது விடியும்போது உடையவன் இல்லாத வீடெல்லாம் எனக்கு ஆகட்டுமா?"

"ஆகட்டும்!" என்றார் ராஜா. மூன்றாவது கேள்வி அவர் காதில் விழவே இல்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணாடியில் தன் மீசையை அச்சுமாயன் மீசையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஊரின் தலையெழுத்து இப்படித்தான் தீர்மானமாகிறது.

மறுநாள் காலையில் சேவகர்கள் சாக்குப்பையோடு வந்தார்கள். வாத்தைப் பிடுங்கினார்கள். முதலையைப் பிடுங்கினார்கள். சாமியாரைத் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. வடிவாம்பாள் கேட்டாள்.

"எதுக்குய்யா?"

"ராஜா உத்தரவும்மா. ஆந்தையைக் கழட்டு."

"முதல்ல அது ஆந்தை இல்லை. ரெண்டாவது, இது என் வாசல். ராஜா வாசல்ல நான் வந்து எதையாவது பிடுங்கினேனா?"

"நான் என்னம்மா செய்ய? என் வீட்டு வாத்தையே நான்தான் பிடுங்கினேன்."

"அதையும் பெருமையா வேற சொல்றே!"

சேவகன் தலையைக் குனிந்துகொண்டு, சாக்கு நிறைந்துவிட்டது, வேறு சாக்கு எடுத்து வருகிறேன் என்று போனான். அவன் திரும்புவதற்குள் வடிவாம்பாள் மயிலை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் அச்சுமாயன் அரண்மனை மாடத்தில் ஏறி அச்சை மூன்று முறை தட்டினான். ஒரு தட்டில் எல்லாச் சுவரும் வெள்ளையானது. மறு தட்டில் எல்லாக் கதவும் பச்சையானது. மூன்றாம் தட்டில் வாசலுக்கு வாசல் ஒரு பொன் தாமரை. ஒவ்வொன்றிலும் அதே இதழ், அதே மினுக்கல். அரண்மனையும் தப்பவில்லை; அதற்கும் வாசல் இருக்கிறதே!

வேலைக்குப் போன ஆண்கள் வீடு திரும்பினார்கள். முதலை எங்கே, வாத்து எங்கே என்று திகைத்து நின்றார்கள். பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?

"என்னங்க! இங்க வாங்க!"

நூறு வாசலிலிருந்து நூறு "என்னங்க". காதில் விழுந்த முதல் "என்னங்க"வுக்குள் ஒவ்வொருவனும் நுழைந்தான். கைகால் கழுவி இலையின் முன்னால் உட்கார்ந்தான். சோறு போடுகிறவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை. உட்கார்ந்திருக்கிறவன் முகத்தைப் பார்த்து இவளுக்கும் பழக்கமில்லை. மாயத்துக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்?

வடிவாம்பாள் வீட்டுக்குள்ளும் ஒருவர் நுழைந்தார். தலையில் கிரீடம் இருந்தது.

"யாரங்கே? சாப்பாடு கொண்டு வாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அலங்காரத்தைப் பார்க்க வெளியே வந்த ராஜா சீர்வளவன்தான். திரும்பிப் பார்த்தால், மாயத்தில் எது அரண்மனை என்று அவருக்கே தெரியவில்லை.

வாசலில் வந்தவரைப் பட்டினியாக அனுப்பியதே இல்லை வடிவாம்பாள். கோபத்தை அடக்கிக்கொண்டு இலையைப் போட்டாள். சோற்றுக் கரண்டியை எடுத்தாள்.

"போடாதே!"

அரிசிப் பானைக்குள்ளிருந்து குரல். மூடியைத் தள்ளிக்கொண்டு மயில் தலையை நீட்டியது. குன்றிமணிக் கண் உருண்டது.

"எல்லாம் ஒரே அச்சான ஊரில் அச்சில் அகப்படாத பொருளுக்கு வாய் வந்துவிடும். எனக்கு வந்துவிட்டது. சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த வீட்டு இலையில் ஒரு கவளம் சாப்பிட்டவன் தன் வீட்டை அடியோடு மறந்துவிடுவான். விடிந்தால் ஒரு வீட்டுக்கும் உடையவன் இருக்க மாட்டான். அத்தனையும் அச்சுமாயனுக்கு. இந்தப் பெரிய மனிதர்தான் ஆகட்டும் என்றார்."

ராஜா கையை மடியில் வைத்துக்கொண்டார். "இந்த ஆந்தை என்ன சொல்கிறது?"

"ஆந்தையா!" மயில் பானைக்குள்ளேயே துள்ளியது. "ஒரு வருஷமாக வெயிலிலும் மழையிலும் தொங்கிக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்டாயிற்று! என்னைப் பார்த்து ஒருத்தர் மனசார மயில் என்று சொன்னால் நான் அகவுவேன். நான் அகவினால் இந்த வாசல் தாமரை உடையும். செய்தவள் சொன்னால் செல்லாது."

"மயில், மயில்" என்றார் ராஜா உடனே.

"பயத்தில் சொன்னதும் செல்லாது."

வடிவாம்பாள் வாசலுக்கு ஓடினாள். மனசார மயில் என்று சொல்லக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கே? எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு முதுகு. பக்கத்தில் சிவப்புத் துணி சுற்றிய வளையல் பெட்டி. முன்னால் இலை. சோறு விழுந்துவிட்டது. குழம்புக் கரண்டி வந்துகொண்டிருந்தது.

வடிவாம்பாள் காலை வெளியே வைக்கப் போனாள்.

"படியைத் தாண்டாதே! தாண்டினால் நீயும் வீடு திரும்ப மாட்டாய். இவரைப் பார்த்தாயல்லவா?" என்றது மயில்.

வடிவாம்பாள் நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். "என்னங்க!"

எண்ணெய் விற்கிறவர் வந்தார். "இதோ வந்துட்டேன்."

"நீங்க இல்லை, போங்க!"

"என்னங்க!"

பூசாரி வந்தார். "கூப்பிட்டியா?"

"ஐயோ, நீங்களும் இல்லை சாமி!"

"என்னங்க!"

மூன்றாவதாகச் சாக்குப்பைச் சேவகன் வந்து நின்றான். "இதுவா என் வீடு?" என்று கேட்டான். பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரம் இல்லை. எதிர்வீட்டில் குழம்பு விழுந்துவிட்டது. கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"பெயரைச் சொல்" என்றது மயில்.

"சொன்னா அவருக்கு ஆயுசு குறையுமே!"

"சொல்லாவிட்டால் அவனுடைய ஆயுசு முழுக்க வேறு வீட்டில் போகும்."

வடிவாம்பாளுக்கு அப்போது வந்தது பாருங்கள் ஒரு கோபம்! மந்திரவாதி மேல் கோபம். கேட்காமல் ஆகட்டும் என்ற ராஜா மேல் கோபம். புருஷனைக் கூப்பிட ஒரு பெயர்கூடத் தனக்கு இல்லாமல் செய்தவர்கள் மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம். கவளம் வாய்ப்பக்கம் உயர்ந்தது. வடிவாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வேம்பா!"

வீதி அடங்கிப்போனது. நூறு கரண்டிகள் நடுவில் நின்றன. எதிர்வீட்டு முதுகு திடுக்கிட்டது. கவளம் இலையில் விழுந்தது.

"வேம்பா! எந்திரி! அது முதலைக்காரி வீடு! உன் வீடு இங்க இருக்கு!"

"வடிவு?" என்றான் வேம்பன். குரல் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டு எழுந்து வந்தான். நல்ல வேளை, அவன் ஆயுசு குறைந்ததாகத் தெரியவில்லை. படியில் மட்டும் ஒருமுறை தடுக்கினான். வாசலைத் தடவினான். தாமரை. பக்கத்து வாசலைத் தடவினான். அங்கும் தாமரை.

"எது நம்ம வீடு வடிவு? எல்லாம் ஒரே வழவழப்பா இருக்கே."

அவள் மயிலை அவன் கையில் வைத்தாள். விரல்கள் கழுத்தில் போயின. வாலில் போயின. கிழிந்த புடவைத் துண்டை நெருடின. அவன் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம மயிலு!"

மயில் அகவியது. உண்மையான மயிலே வெட்கப்படும்படி, அலங்கோலமாக, ஊருக்கெல்லாம் கேட்கும்படி அகவியது. வடிவாம்பாள் வாசல் தாமரை இரண்டாக வெடித்து விழுந்தது.

அரண்மனை மாடத்தில் நின்ற அச்சுமாயனின் மீசையில் ஒரு முனை தொங்கிவிட்டது.

எதிர்வீட்டு முதலைக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கரண்டியோடு நின்றவள், கரண்டியை எறிந்தாள். "காளத்தி! டேய் காளத்தி! வைக்கோல் முதலை வீடு இங்க இருக்கு, வா!" ஒரு தாமரை உடைந்தபின் மற்றதற்குப் பெயரும் அடையாளமுமே போதும் போல; அவள் வாசல் தாமரையும் வெடித்தது. அதற்கப்புறம் யார் நிறுத்துவது? "சின்னாண்டி! சுரைக்குடுக்கை வாத்து!" "ஏகாம்பரம்! பனங்கொட்டைச் சாமியார்!" வருஷக்கணக்காகத் தொண்டையில் அடைபட்டுக் கிடந்த பெயரெல்லாம் வீதியில் ஓடின. வாத்து வீடு என்று கேட்டதும் சாக்குப்பைச் சேவகன் அழுதுகொண்டே ஓடினான். சொல்லச் சொல்லத் தாமரைகள் பொலபொலவென்று கொட்டின. ஒவ்வொரு தாமரைக்கும் அச்சுமாயன் கொஞ்சம் குறைந்தான். கடைசியில் வெண்கல அச்சு பிளந்து விழுந்தபோது பக்கத்தில் கிடந்தது ஒரு தேங்காய் அளவு பொம்மை. மீசை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது.

ராஜா சீர்வளவன் கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அம்மா, நான் கேட்காமல் ஆகட்டும் சொல்லிவிட்டேன்" என்றார்.

"இனிமே கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் வடிவாம்பாள். "இப்ப அரண்மனைக்குப் போய்ச் சாப்பிடுங்க. எங்க வீட்டுச் சோறு வேம்பனுக்கே பத்தாது."

சாக்குகளை அவிழ்த்ததும் அவரவர் பொம்மை அவரவர் வாசலுக்குத் திரும்பியது. ராஜா எந்த உத்தரவு போடுவதாக இருந்தாலும் வீதியில் நின்று மூன்று முறை வாசித்த பிறகே போட வேண்டும் என்று ஏற்பாடானது. மூன்றாவது வாசிப்பை வடிவாம்பாள் காதில் விழும்படி வாசிக்க வேண்டும் என்று ராஜாவே சேர்த்துக்கொண்டார். பெண்கள் அதன்பிறகும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். புருஷர்கள் யாரும் அதனால் சாகவில்லை. பலர் நிமிர்ந்து பார்க்கப் பழகினார்கள்.

அடுத்த வாசல் திருநாளுக்குப் பக்கத்து நாட்டு ராஜா மறுபடி வந்தார். அரண்மனை வாசலில் பூசணிக் குடுக்கை ஒன்று சோளக் குஞ்சத்தைப் பிடரிமயிராக ஒட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நாய் நன்றாக இருக்கிறதே, யார் செய்தது?" என்றார்.

சீர்வளவனின் முகம் சிவந்தது. வாசலில் நின்றபடியே அரண்மனை அதிரும்படி கத்தினார்.

"நாய் இல்லை, சிங்கம்!"