குருவம்மாள் அறுத்த வளையம்

அந்தக் காலத்தில் மரமும் இரும்பும்கூட வாய் திறந்து பேசும். கழிப்பறைக் கோப்பையின்மேல் பொருத்தும் மர வளையங்கள் அப்போதெல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. வீட்டிலும் சரி, பொது இடத்திலும் சரி, வளையல்போல முழு வட்டம்.

ஐந்து ஊர்ப் பாதைகள் கூடும் ஒரு ரயில் நிலையத்தில் பெண்கள் கழிப்பறையைக் குருவம்மாள் பார்த்துக்கொண்டாள். ஒரு ரயில் போனதும் பினாயிலும் துணியுமாக உள்ளே போவாள். துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த ரயில் ஊதிக்கொண்டு வந்துவிடும். எட்டிப் பார்க்கும் பெண்கள் வளையத்தின் முன்பக்க ஈரத்தைக் கண்டு முகம் சுளித்துத் திரும்புவார்கள். திட்டெல்லாம் குருவம்மாளுக்குத்தான்.

ஒரு நாள் தவமலர் என்ற நிறைமாதக் கர்ப்பிணி, இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நெடுநேரம் நிற்கும் ரயிலிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே திரும்பி, நடைமேடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள போ தாயி. இப்பத்தான் துடைச்சேன்.”

“அதுக்குள்ள யாரோ போயிட்டாங்கக்கா. முன்பக்கமெல்லாம் ஈரம். இந்த வயித்தோட என்னால குந்தி நிக்கவும் முடியாது. அடக்கிக்கிறேன்.”

“எவ்வளவு நேரமா?”

“காலையிலிருந்து.” அவள் கண்ணில் நீர் முட்டியது.

குருவம்மாள் விடுவிடென்று உள்ளே போய் வளையத்திடம் எரிந்து விழுந்தாள். “உன்னால ஒரு புள்ளத்தாச்சி அங்க துடிச்சுக்கிட்டு நிக்கிறா!”

“நான் என்ன செய்ய?” என்றது வளையம். “தெறிக்கிறதெல்லாம் என் முன்பக்கத்துலதான் விழுது. உட்கார்றவங்க பாரத்தைத் தாங்குறது பக்கவாட்டும் பின்பக்கமும். முன்பக்கம் எனக்கே தொல்லை. அறுத்துப் போட்டுடு.”

“வலிக்காதா?”

“தினமும் நூறு பேர் முகம் சுளிக்கிறாங்களே, அதைவிடவா?”

குருவம்மாள் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் ரம்பம் இரவல் வாங்கி வந்தாள். சர்க்கார் சாமான். வேலை போனால் சோற்றுக்கு வழியில்லை. வெளியே தவமலர் முனகுவது கேட்டது. ரம்பத்தை வைத்து இழுத்துவிட்டாள். நான்கு விரல் அகலத் துண்டு டொக்கென்று கீழே விழுந்தது. வெட்டிய முனைகளை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துத் துடைத்துவிட்டு, தவமலரைக் கைத்தாங்கலாக உள்ளே அனுப்பினாள்.

சத்தம் கேட்டு நிலைய அதிகாரி வேதமாணிக்கம் ஓடி வந்தார். “சர்க்கார் சாமானை அறுத்துட்டியா? நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

“சரிங்கய்யா. அந்தப் பொண்ணு வெளிய வரட்டும். அவளை ஒரு வார்த்தை கேட்டுட்டு என்னை அனுப்புங்க.”

கதவு திறந்தது. தவமலர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “ஈரம் எதுவும் மேல படலைக்கா. நீங்க மகராசியா இருக்கணும்!” என்றவள், ரயில் பெட்டிகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “இறங்கி வாங்க! தைரியமாப் போகலாம்!”

பெண்கள் திமுதிமுவென்று இறங்கினார்கள். வரிசை நடைமேடையின் கடைசி வரை நீண்டது. முகம் சுளித்துத் திரும்பியவள் ஒருத்திகூட இல்லை. வேதமாணிக்கம் பச்சைக்கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, வரிசை முடியும்வரை ரயிலை நிறுத்தி வைத்தார்.

“எல்லா நிலையத்துக்கும் எழுதிப் போடுறேன் குருவம்மா, இப்படியே அறுக்கச் சொல்லி. எங்க வீட்டு வளையத்தையும் அறுத்துடவா?”

“அது எதுக்குங்கய்யா? வீட்டுல இருக்கிறது நாலு பேர். நனைச்சவங்களே துடைச்சுட்டு வரலாம். அது முழுசாவே இருக்கட்டும்” என்று சிரித்தாள் குருவம்மாள்.

அன்றைக்கு அவள் இழுத்த இழுப்பில்தான், பொதுக் கழிப்பறை இருக்கைகள் முன்பக்கம் திறந்துகொண்டன. வீட்டு இருக்கைகள் முழு வட்டமாகவே இருக்கின்றன.